வண்டியில் கை வைத்தால் வொரண்டி போய்விடுமா?

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நம்மில் பலர் ஓட்டியது பழைய வண்டிகளைத்தான். அவற்றின் வொரண்டிக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. அதனால் என்ன மாற்றினாலும் கேட்பதற்கு ஆளில்லை. பண்டாரவளையிலோ வெலிமடையிலோ ஒரு கராஜில் வண்டியை விட்டு, பெரிய டயர், கூடுதல் லைட், இரட்டை ஹோர்ன் என்று நினைத்ததைப் பொருத்திக்கொண்டோம்.

இப்போது நிலைமை வேறு. கொம்பனி வொரண்டியோடு புதிய கார்களும் வேன்களும் சிறிய லொறிகளும் நம் பகுதிக்கு வரத் தொடங்கியுள்ளன. கடன்பட்டு, நகையை அடகு வைத்து, லீசிங் எடுத்து வாங்கிய வண்டிகள் இவை. ஆனால் பழைய பழக்கம் மாறவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே கராஜுக்குப் போகிறது.

இந்த இடத்தில் இரண்டு பேச்சுகள் நம்மிடையே உலவுகின்றன. ஒன்று: “ஒரு ஸ்குரூவைத் தொட்டாலும் வொரண்டி முழுக்கப் போய்விடும்.” மற்றது: “பூட்டு, வொரண்டிக்குக் கொண்டுபோகும்போது கழற்றிவிட்டுப் போ, யாருக்குத் தெரியும்?” முதலாவது பேச்சு பாவனையாளரின் உரிமையைப் பறிக்கிறது. இரண்டாவது அவரை ஏமாற்றுக்காரர் ஆக்குகிறது. இரண்டுமே சரியல்ல. சரியானது எது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

வொரண்டி ஓர் உடன்படிக்கை

வொரண்டி என்பது கொம்பனி தரும் சலுகையோ அன்பளிப்போ அல்ல. வண்டியின் விலைக்குள் அடங்கிய வாக்குறுதி அது. “இந்த வண்டியை நாங்கள் செய்த முறையிலோ பயன்படுத்திய பொருளிலோ குறை இருந்தால், இன்ன காலத்துக்குள் எங்கள் செலவில் திருத்தித் தருவோம்” என்பதே அதன் சாரம்.

வழக்கமாகக் காலமும் தூரமும் சேர்த்தே எல்லை போடப்படும். 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீற்றர், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை என்பது உலகில் பரவலாகக் காணப்படும் முறை. இந்த “எது முதலில்” என்ற சொற்களைப் பலர் கவனிப்பதில்லை. நாளொன்றுக்கு 150 கிலோமீற்றர் ஓடும் ஒரு ஹயர் வேன் 1,00,000 கிலோமீற்றரை ஏறத்தாழ 667 நாட்களில் தொட்டுவிடும். அதாவது ஒரு வருடமும் பத்து மாதமும். அதன் சொந்தக்காரர் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் வொரண்டி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்குத் தனி விதி வைத்திருக்கும் கொம்பனிகளும் உண்டு.

வொரண்டிப் புத்தகத்தில் எது அடங்கும் என்ற பக்கத்தை விட எது அடங்காது என்ற பக்கமே முக்கியமானது. தேய்ந்து போகும் பாகங்கள், விபத்து, அளவுக்கு மீறிய சுமை, பந்தய ஓட்டம், தவறவிட்ட சேர்விஸ், அங்கீகரிக்கப்படாத மாற்றங்களால் வந்த சேதம் ஆகியவை ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களிலும் விலக்கப்பட்டிருக்கும். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: மாற்றங்களால் வந்த சேதம். மாற்றம் இருப்பது வேறு. மாற்றத்தால் சேதம் வந்தது என்பது வேறு. முழு விவகாரமும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வந்த வண்டியின் கதை தனி. அங்கே தயாரிப்பாளர் கொடுத்த வொரண்டி பெரும்பாலும் கடலைத் தாண்டி வருவதில்லை. வாகன விற்பனை நிலையம் தருவது அந்த நிலையத்தின் சொந்த வாக்குறுதி. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் மட்டும் என்று அதைச் சுருக்கியிருப்பார்கள். வாங்கும் முன்பே அதை எழுத்தில் பெற்று வாசிக்க வேண்டும்.

எது காரணம் என்பதே கேள்வி

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பூனாகலையில் ஒரு தம்பி புதிய சிறிய லொறி ஒன்றை எடுத்து மரக்கறி ஏற்றுகிறார் என்று வையுங்கள். மலைப்பாதையில் பனிமூட்டம் அதிகம் என்பதால் முன்னால் இரண்டு பெரிய லைட்டுகளைப் பூட்டுகிறார். ஆறு மாதத்தில் கியர் பெட்டியில் சத்தம் வருகிறது. முகவர் நிலையத்துக்குப் போனால், “லைட் பூட்டியிருக்கிறீர்கள், வொரண்டி இல்லை” என்கிறார்கள். இது நியாயமில்லை. லைட்டுக்கும் கியர் பெட்டியின் பல்சக்கரத்துக்கும் என்ன தொடர்பு?

அதே தம்பிக்குக் கியர் பெட்டிக்குப் பதிலாக வயரிங் எரிந்துபோனது என்றால் கதை மாறிவிடும். அங்கே முகவரின் மறுப்பு நியாயமாக இருக்கலாம். ஒரே லைட்தான். ஒரு குறைக்கு அது காரணமில்லை, இன்னொரு குறைக்கு அதுவே காரணம்.

ஆகவே முகவர் மறுத்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “நான் செய்த மாற்றம் இந்தக் குறையை எப்படி உண்டாக்கியது? எழுத்தில் தாருங்கள்.”

மலைநாட்டில் அதிகம் செய்யப்படும் மாற்றங்கள்

எந்த மாற்றம் எந்தப் பாகத்தைத் தொடுகிறது என்று தெரிந்தால், எந்த வொரண்டியைப் பணயம் வைக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் லைட். சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் படித்த கணக்கே இதற்குப் போதும். வண்டியின் மின்சாரம் 12 வோல்ட். 55 வாட் ஹெட்லைட் இரண்டு எரியும்போது ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டம் ஓடும். அதே வயரில் 100 வாட் பல்ப் இரண்டைப் போட்டால் ஓடுவது ஏறத்தாழ 17 அம்பியர். அந்த வழியில் 15 அம்பியர் பியூஸ் இருந்தால் அது போய்விடும். போக வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நம்மவர் என்ன செய்கிறார்? 30 அம்பியர் பியூஸைப் போடுகிறார். இனிப் பியூஸ் போகாது. வயர்தான் உருகும். மெல்லிய வயரைக் காப்பதற்கு வைத்த காவலாளியை நாமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம். லைட் அவசியம் என்றால் தனி வயர், தனி ரிலே, அதற்கேற்ற பியூஸ் என்று தனி வழியாகப் பூட்டலாம். கொம்பனி வயரை வெட்டி இணைப்பதுதான் ஆபத்து. ஹோர்ன், அலாரம், பாட்டுப் பெட்டி, ஜி.பி.எஸ். கருவி எல்லாவற்றுக்கும் இதே விதி. முகவர் நிலையம் முதலில் பார்ப்பது வெட்டி ஒட்டிய வயரைத்தான்.

அடுத்தது டயர். தோட்டப் பாதையின் கல்லுக்கும் குழிக்கும் பெரிய டயர் நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் டயரின் விட்டம் பத்து வீதம் கூடினால் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். அது 50 காட்டும்போது உண்மையான வேகம் 55. ஏற்றத்தில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவையும் ஏறத்தாழ ஒன்பது வீதம் குறையும். அதை ஈடுகட்ட ஓட்டுநர் கிளட்சை வைத்துத் தாங்குவார். கிளட்ச் தேயும், பெயரிங் சூடேறும், ஸ்டீயரிங் மூட்டுகள் தளரும். இவற்றுக்கு வொரண்டி கேட்டுப் போனால் முகவர் டயரைக் காட்டுவார். அது நியாயமான மறுப்பே. ஏர் கண்டிஷன் வேலை செய்யவில்லை என்று போகும்போது டயரைக் காட்டினால் அது நியாயமில்லை.

மூன்றாவது, சுமை. கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டுத் தட்டை உயர்த்தி, அனுமதித்ததை விட ஒன்றரை மடங்கு ஏற்றுவது நம் பக்கத்தில் சாதாரணம். ஸ்பிரிங் தாங்குகிறது என்பதால் வண்டி தாங்குகிறது என்று அர்த்தமில்லை. அச்சு, பிரேக், டயர் எல்லாம் பழைய அளவுதான். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய அதைவிட ஏறத்தாழ 1,000 மீற்றர் கீழே. அந்த இறக்கம் முழுவதும் வண்டியின் எடையைப் பிரேக்கும் என்ஜினும் சேர்ந்து தாங்க வேண்டும். எடை கால் பங்கு கூடினால் அவை விழுங்க வேண்டிய வெப்பமும் கால் பங்கு கூடும். 2025 செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்ததை ஊவா மக்கள் மறக்கவில்லை. அந்த விபத்தை இங்கே நான் எடுத்துச் சொல்வது மாற்றங்களோடு அதை முடிச்சுப் போடுவதற்காக அல்ல. இந்த மலையில் பிரேக் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்காக மட்டும். பிரேக்கைப் பாதிக்கும் எந்த மாற்றத்திலும் வொரண்டி இரண்டாவது கவலை. உயிரே முதல் கவலை.

நான்காவது, என்ஜினின் கணினியில் செய்யும் மாற்றம். “ரீமேப்” என்று நகர்ப்புற இளைஞர்கள் சொல்வது இதைத்தான். எரிபொருளின் அளவையும் டர்போவின் அழுத்தத்தையும் மென்பொருள் மூலம் கூட்டி இழுவையை அதிகரிப்பார்கள். கூடுதல் சக்தி என்றால் கூடுதல் வெப்பம், கூடுதல் அழுத்தம். பிஸ்டன், டர்போ, கிளட்ச், கியர் பெட்டி எல்லாம் அந்தப் பாரத்தைச் சுமக்கும். ஆகவே ஒரே மாற்றம் வண்டியின் மிக விலையுயர்ந்த பாகங்கள் அனைத்தின் வொரண்டியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது. பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டுவிட்டால் தெரியாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பல வண்டிகளின் கணினி, தன்னில் எத்தனை தடவை மென்பொருள் எழுதப்பட்டது என்ற கணக்கை வைத்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன், அவுடி நிறுவனங்கள் இப்படி மாற்றிய வண்டிகளுக்குத் தம் பதிவேட்டில் “டி.டி. 1” என்ற குறியைப் போட்டு வைப்பது வெளிநாடுகளில் பலரும் அறிந்த விடயம்.

ஐந்தாவது, ஹைபிரிட், மின்சார வண்டிகள். இவற்றில் செம்மஞ்சள் நிற வயர்களைக் கண்டால் கை வைக்கவே கூடாது. அது உயர் மின்னழுத்தம் செல்லும் பாதை. சாதாரண கராஜில் அதைத் திறப்பது வொரண்டிக்கும் உயிருக்கும் ஆபத்து. இன்னொரு சிறிய விடயமும் உண்டு. டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் பெற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கைப் பக்கத்துத் துவாரத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. அழகுக்காகப் போடும் தடித்த சீட் கவரோ, அங்கே அடுக்கும் பைகளோ அதை மூடிவிட்டால் பெற்றரி சூடேறிச் சீக்கிரம் சாகும். சீட் கவரை யாரும் “மாற்றம்” என்று நினைப்பதில்லை. ஆனால் பெற்றரிக்கு அது பெரிய மாற்றம்.

கவலைப்படத் தேவையில்லாதவையும் நிறைய உண்டு. கால்மிதி, வெளியே ஒட்டும் மழைத் தடுப்பு, அளவு மாறாத நல்ல டயர், வயரை வெட்டாமல் வைக்கும் கைப்பேசித் தாங்கி போன்றவற்றால் எந்தப் பாகமும் பாதிக்கப்படுவதில்லை. இவற்றைக் காட்டி வொரண்டியை மறுத்தால் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பிரச்சினையை உலகம் நீண்ட காலமாகச் சந்தித்து வருகிறது. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டு மக்னூசன் – மொஸ் வொரண்டிச் சட்டம் வந்தது. தன்னுடைய பாகத்தையோ தன்னுடைய சேர்விஸையோ மட்டுமே பயன்படுத்தினால்தான் வொரண்டி என்று கட்டாயப்படுத்துவதை அது பொதுவாகத் தடை செய்கிறது. அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2018 இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றுள் ஹியுண்டாய் நிறுவனமும் ஒன்று. 2022 இல் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் வொரண்டி நிபந்தனைகள் மீதும் அது நடவடிக்கை எடுத்தது.

நமக்கு மிக நெருக்கமான முன்மாதிரி இந்தியாவில் இருக்கிறது. நம் வீதிகளில் ஓடும் ஓல்டோ கார்களும் பஜாஜ் முச்சக்கர வண்டிகளும் அங்கிருந்து வருபவை என்பதால் இது நமக்கும் பாடம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஹொண்டா உள்ளிட்ட 14 கார் தயாரிப்பாளர்கள் மீது மொத்தம் 2,544 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிக் கராஜ்களுக்கு உதிரிப்பாகமும் தொழில்நுட்பத் தகவலும் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அந்த உத்தரவில் வொரண்டி பற்றிய ஒரு பகுதியும் இருந்தது. வெளிக் கராஜில் வேலை செய்தால் வொரண்டி முழுவதும் ரத்து என்று பொதுப்படையாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேன்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் அந்த உத்தரவில் உள்ள அளவுகோல் தெளிவானது: சேதம் எவ்வளவோ மறுப்பும் அவ்வளவே.

அதே இந்தியாவில் நாணயத்தின் மறுபக்கமும் உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விபரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது என்பதே அதன் சாரம். அது வொரண்டி வழக்கல்ல, வாகனப் பதிவு வழக்கு. என்றாலும் “என் வண்டி, என் விருப்பம்” என்பதற்கு எல்லை உண்டு என்பதை அது காட்டுகிறது.

இலங்கைக்கு வருவோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நம் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த வொரண்டிக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்யலாம். விசாரணைக்குப் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். காலவரம்பும் உண்டு என்பதால் குறை தெரிந்ததும் தாமதிக்காமல் எழுதுங்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. இதைவிடப் பழையது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வாங்கும் நோக்கத்தை விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால் பொருள் அந்த நோக்கத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற கொள்கை அதில் உண்டு. “மலைப்பாதைக்கு, இவ்வளவு சுமைக்கு” என்று வாங்கும்போதே சொல்லி அதை எழுத்திலும் வைத்துக்கொள்வது இதனால்தான் பயன்தரும்.

வொரண்டியோடு முடிவதில்லை

வண்டியில் செய்யும் ஒரு மாற்றம் வொரண்டியை மட்டுமல்ல, இன்னும் மூன்று இடங்களையும் தொடுகிறது.

ஒன்று, லீசிங். தவணை முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது நிதி நிறுவனம். இஸ்லாமிய முறையில் இஜாரா எடுத்திருந்தாலும் உடைமை அவர்களுடையதே. இன்னொருவருடைய பொருளை அவர் அனுமதியின்றி மாற்ற நமக்கு உரிமை இல்லை.

இரண்டு, காப்புறுதி. தகாபுலாக இருந்தாலும் சாதாரணக் காப்புறுதியாக இருந்தாலும் முக்கியமான உண்மைகளை மறைக்காமல் சொல்வதே அதன் அத்திவாரம். சொல்லாத மாற்றத்தோடு விபத்து நடந்தால், மூன்றாம் தரப்பின் மருத்துவச் செலவு வரை நம் தலையில் விழக்கூடும்.

மூன்று, பதிவு. என்ஜின், நிறம், உடலமைப்பு போன்ற மாற்றங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் திருத்த வேண்டும். 2025 ஜனவரியில் “கிளீன் ஸ்ரீலங்கா” திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த தேவையற்ற பூட்டல்களைப் பொலிஸார் அகற்றத் தொடங்கியபோது சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அப்போது நாடு முழுவதும் நடந்த விவாதத்தில் வீதிப் பாதுகாப்பும் வாழ்வாதாரமும் பேசப்பட்டன. வொரண்டியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மார்க்கம் காட்டும் நீதி

உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு விசுவாசிகளுக்குக் கட்டளையிட்டே அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. வொரண்டியும் ஓர் உடன்படிக்கை என்றால் இந்தக் கட்டளை கொம்பனியையும் வாங்கியவரையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், இன்று நீதிமன்றங்கள் பேசும் இந்த விவகாரத்தை நம் பிக்ஹ் நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அலசியிருக்கின்றன. வாங்கிய பொருளில் பழைய குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையைக் “கியாருல் அய்ப்” என்பார்கள். வாங்கியவர் கையில் வந்த பிறகு அந்தப் பொருளில் புதிதாக இன்னொரு குறை ஏற்பட்டுவிட்டால் என்ன செய்வது? நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, விற்றவர் சம்மதிக்காத வரை பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லாமல் போகிறது. ஆனால் பழைய குறைக்கான அவருடைய உரிமை அழிந்துவிடுவதில்லை. அந்தக் குறையால் குறைந்த பெறுமதியை ஈடாகப் பெற வழி இருக்கிறது. அதற்கு “அர்ஷ்” என்று பெயர்.

எவ்வளவு நுட்பமான நீதி! வாங்கியவர் செய்த மாற்றத்தின் பாரத்தை விற்றவர் தலையில் கட்டவில்லை. அதைச் சாக்காக வைத்து விற்றவர் தன் குறையிலிருந்து தப்பிக்கவும் விடவில்லை. அவரவர் குறை அவரவருக்கு. மேலே பார்த்த “சேதம் எவ்வளவோ மறுப்பும் அவ்வளவே” என்ற அளவுகோலும் இதுவும் ஒரே திசையையே காட்டுகின்றன. தனிப்பட்ட வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. இங்கே நான் எடுத்துக்காட்டுவது அந்தச் சட்டத்தின் போக்கை மட்டுமே.

இனிக் கழற்றிவிட்டுப் போகும் யோசனைக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவரைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார்கள். நனைந்தது அவருடைய குற்றமல்ல. மறைத்ததுதான் குற்றம். வண்டியில் பூட்டியதைக் கழற்றி, வெட்டிய வயரை டேப் சுற்றி மறைத்து, ஒன்றும் தெரியாதவர் போல முகவர் முன் நிற்பது இந்த ஈரத் தானியத்தைவிட எந்த வகையில் வேறுபட்டது? எதிரே இருப்பது பெரிய கொம்பனி என்பதால் மோசடி ஹலாலாகிவிடாது.

அதே வண்டியை இரண்டு வருடம் கழித்து இன்னொரு சகோதரருக்கு விற்கும்போது, “கொம்பனி வொரண்டி இன்னும் இருக்கிறது” என்று மட்டும் சொல்லி மாற்றத்தைச் சொல்லாமல் விடுவது இன்னும் மோசம். ஏமாறுவது கொம்பனி அல்ல. கடன்பட்டு வாங்கும் நம்மைப் போன்ற ஒருவர்.

செய்ய வேண்டியவை

1. வொரண்டிப் புத்தகத்தை வண்டி எடுக்கும் அன்றே வாசியுங்கள். புரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம்.

2. எதையும் பூட்டும் முன் முகவரிடம் கேளுங்கள். தொலைபேசியில் அல்ல, மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ எழுத்தில் கேளுங்கள். பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

3. கொம்பனியே அங்கீகரித்த துணைப்பொருள் இருந்தால், விலை கொஞ்சம் கூடினாலும் வொரண்டிக் காலத்தில் அதையே போடுங்கள்.

4. வேலை செய்த கராஜின் பெயர், திகதி, பாகம், தொகை எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய அசல் பாகத்தை எறியாதீர்கள்.

5. சேர்விஸைத் தவறவிடாதீர்கள். மாற்றமே செய்யாதவர்களுக்கும் வொரண்டியை மறுக்க இதுவே இலகுவான காரணம்.

6. முகவர் மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். எந்த மாற்றம், எந்தப் பாகத்தை, எப்படிப் பாதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தராவிட்டால் அல்லது பதில் பொருந்தாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள்.

7. மாற்றம் செய்திருந்தால் அதை முதலில் நீங்களே சொல்லுங்கள். மறைத்தது பின்னர் தெரியவந்தால், நியாயமான கோரிக்கையையும் எவரும் நம்பமாட்டார்கள்.

கடைக்காரருக்கும் ஒரு சொல்

ஊவாவில் வாகன உதிரிப்பாகக் கடைகளிலும் கராஜ்களிலும் விற்பனை நிலையங்களிலும் நம் சகோதரர்கள் பலர் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து வரும் தம்பி ஆசையோடு ஒரு லைட்டையோ டயரையோ காட்டிக் கேட்கும்போது, “இது வொரண்டி வண்டியா?” என்று ஒரு கேள்வி கேட்பதற்கு அரை நிமிடம் போதும். “இதைப் போட்டால் வயரிங்குக்கு வொரண்டி கேட்க முடியாமல் போகலாம், தெரிந்து போடுங்கள்” என்று சொன்னால் ஒரு வியாபாரம் தவறலாம். உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தும் கொடுக்கல் வாங்கலில்தான் பரக்கத் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நம்புபவருக்கு அது நஷ்டமல்ல.

பூனாகலை போன்ற இடங்களில் ஒரு வண்டி ஆடம்பரப் பொருள் அல்ல. கொழுந்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ, வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்திலோ வாங்கியது அது. நோயாளியை பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப்போவதும் அதுதான். அந்த வண்டி நின்றுபோய், வொரண்டியும் கைவிட்டால், தவணை மட்டும் நிற்காது. ஆகவே ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் வொரண்டிப் புத்தகத்தை எடுங்கள். வண்டியில் செய்த மாற்றத்தை மறைக்காதீர்கள். செய்யாத சேதத்தின் பழியை ஏற்கவும் வேண்டாம்.